அக்கரையில் கையசைத்தவர்கள்

கோரோக், தஜிகிஸ்தான்
9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

ரெஜினா அக்காவுக்கு,

மகிமாவின் பைக் கிடைத்துவிட்டது. நேற்று மாலை இங்குள்ள மாவட்டப் போலீஸ் அதிகாரி சொன்னார். இன்று காலை நானே கயிறு கட்டி இறங்கி, சேஸிஸ் எண்ணின் மேல் இருந்த மண்ணைத் துடைத்து, நீங்கள் அனுப்பிய ஆர்.சி. நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவளுடைய வண்டிதான். உங்கள் தங்கை அங்கே இல்லை.

போனில் பேசமாட்டேன், மெயிலில் எழுது என்றீர்கள். உறுதியானதை முதலில் எழுது, யார் சொன்னது என்பதோடு. தெரியாததைக் கடைசியில் எழுது, எப்போது தெரியும் என்பதோடு. நடுவில் உன் அழுகையை வைக்காதே என்றீர்கள். அப்படியே எழுத முயல்கிறேன்.

இந்தச் சாலை பஞ்ச் என்னும் ஆற்றின் கரையோரமாகவே வருகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. ஆற்றுக்கு அக்கரை ஆப்கானிஸ்தான். அங்கே கொடியில் காயும் துணியின் நிறம் இங்கிருந்து தெரிகிறது. சாலையை அகலப்படுத்துகிறார்கள்; லாரிகள் கிளப்பும் புழுதியில் எதிரில் வருவது தெரியாது. ஒரு வளைவில், ஒரு தென்னை உயரத்துக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவில் வண்டி கிடக்கிறது. மேலே சாலையில் நின்று பார்த்தால் தெரியாது. கல் உடைக்க இறங்கிய தொழிலாளிகள்தான் பார்த்திருக்கிறார்கள்.

கைப்பிடியில் பொருத்தியிருந்த, அவள் இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டும் டிராக்கர் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்திருக்கிறது. அவள் அதை அணைக்கவில்லை, அக்கா. இதை எழுதாமல் விட முடியுமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் பிறகு நீங்களே கேட்பீர்கள்.

வலதுபக்கப் பெட்டி திறந்திருந்தது. தூங்கும் பை, அடுப்பு, தண்ணீர்க் குடுவை மூன்றும் இல்லை. அவளே எடுத்திருக்கலாம். வேறு யாராவதும் எடுத்திருக்கலாம்.

தெரியாதது: அவள் எங்கே என்பது. வண்டிக்குக் கீழே ஆற்றோரத்தைத் தேட நாளை ஆட்கள் வருகிறார்கள். புதன்கிழமைக்குள் சொல்லிவிட முடியும் என்கிறார் அதிகாரி.

அபின்

✦

ராயபுரம்
11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அபின்,

கடிதம் கிடைத்தது. வண்டியின் படத்தை அப்பாவிடம் காட்டவில்லை.

எண்ணூர் ரோட்டில் நான் வேலை பார்க்கும் யார்டில்தான் ஏப்ரல் மாதம் அந்த வண்டியைப் பெட்டியில் அடைத்து கன்டெய்னரில் ஏற்றினோம். ஜார்ஜியா நாட்டில் கருங்கடல் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து விளாடிவாஸ்டாக் வரை ஆசியாவைக் குறுக்கே ஓட்டிக் கடப்பது திட்டம். இரண்டு வண்டிக்கு இடம் பிடித்திருந்தேன். ஒன்றுதான் ஏறியது. உன்னுடையது உங்கள் கயிற்றுக்கடை குடோனில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. போகிற வழியில் பார்க்கிறேன். நீ கூடப் போயிருந்தால் அந்த வளைவில் அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்திருப்பான். இதை நான் மறக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு மேலே படி.

டிராக்கர் பற்றி நீ எழுதியதற்கு என் பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா முப்பது வருடம் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கிப் பிடிக்கிற படகு. நல்ல மீன் கூட்டம் கண்ணில் பட்டதும் முதல் வேலையாக வயர்லெஸ் செட்டை அணைத்துவிடுவார். பேசினால் மற்ற படகுகள் இடம் தெரிந்து வந்துவிடும். அதனால் எங்கள் தெருவில் ஒரு படகின் செட் சத்தமில்லாமல் போனால் யாரும் பயப்பட மாட்டார்கள். மீன்பாடு நன்றாக இருக்கிறது என்று சிரிப்பார்கள். அம்மா உயிரோடு இருந்தபோது, செட் அணைந்த நாளில் கடன்காரர்களிடம் தைரியமாகப் பேசுவாள். கயிறு விற்கிற வீட்டில் பிறந்த உனக்கு இது தெரியாது.

மகிமாவும் கஜகஸ்தானில் ஒரு தடவை டிராக்கரை மூன்று நாள் அணைத்துப் போட்டாள். நாங்கள் தவித்துப் போனோம். பிறகு ஒரு ஏரிக்கரையிலிருந்து குரல் பதிவு அனுப்பினாள்: "நைனா, செம மீன்பாடு! அதான் செட்ட ஆஃப் பண்ணிட்டேன்." அப்பா அதைத் தெருவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

ஜூலை பதினொன்றாம் தேதி மாலை, டிராக்கர் காட்டும் வரைபடத்தில் புள்ளி நின்றது. மறுநாளும் அதே இடம். நான் போனைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"புள்ளி நவுரவே மாட்டேங்குதுப்பா."

"செட்ட அணைச்சிட்டா, அவ்ளோதான். நல்ல எடமா பாத்து குந்திகினு போட்டோ புட்ச்சிகினு கீறா. வுடு."

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கேட்டேன். "வுடுடி, சொம்மா கூவாத" என்றார். நானும் விட்டேன். உன்னை அழைத்தது இருபத்திரண்டாம் தேதி. அந்தப் பதினோரு நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கவனித்தேன். எழுதாததற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நாங்கள் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு உயிர் இருந்ததா? இருந்தது என்றாலும் எழுது. நீயாக எதையும் கழிக்காதே.

ரெஜினா

✦

கோரோக்
14 ஆகஸ்ட் 2024, புதன்

ரெஜினா அக்காவுக்கு,

விழுந்த பிறகு மகிமாவுக்கு உயிர் இருந்தது. இதைச் சொன்னது யாரும் இல்லை. பொருட்களை நானே பார்த்தேன், படம் எடுத்தேன். போலீஸ் அதிகாரியும் உடன் இருந்தார்.

வண்டி கிடந்த இடத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி, பாறை ஒன்று கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் கொஞ்சம் மணல் மேடு. தூங்கும் பை பாறை இடுக்கில் சிக்கி, தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அடுப்பு இருந்தது. கூடாரக் கம்பி ஒன்றை உடைத்து, கால்சட்டைப் பட்டையால் சுற்றிய ஒரு கட்டும் கிடந்தது. கால் எலும்பு முறிந்தால் அப்படித்தான் கட்டுவார்கள். அந்த முதலுதவி வகுப்புக்கு மணலியில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அவள் என் காலில் கட்டிப் பழகினாள். நான் நொண்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

மேலே சாலைக்கு அவளால் ஏறியிருக்க முடியாது. இரண்டு காலும் நன்றாக இருக்கும் நானே கயிறு இல்லாமல் ஏறவில்லை. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கும் அதிகாரி பேசுவதே எனக்குக் கேட்கவில்லை.

நீங்கள் என் வண்டியைப் பற்றி எழுதியதற்குப் பதில். யார்டில் பெட்டிக்கு ஆணி அடிப்பதற்கு முந்தின வாரம், கடையை விட்டு வர என் அப்பா விடமாட்டார் போலிருக்கிறது என்று மகிமாவிடம் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். "நீ கூட வந்தா ரோட்ட பாக்க மாட்ட மாமு, என்னியே பாத்துகினு வருவ. நா தனியா போறேன், வூட்டுக்குப் போய் கயிறு அளந்து போடு" என்றாள். பிறகு டிராக்கரின் இணைப்பிலிருந்தும் என்னை நீக்கிவிட்டாள். அவள்தான் வேண்டாம் என்றாள் என்று இத்தனை நாளும் சொல்லி வருகிறேன். அது உண்மை. அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும் உண்மை. அதையும் கழிக்காமல் எழுதிவிட்டேன்.

தெரியாதது: எத்தனை நாள் அங்கே இருந்தாள் என்பது. அக்கரைக் கிராமத்தில் இங்குள்ளவர்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, போனில் பேசிக்கொள்கிறார்கள். என் காரோட்டி ஃபிர்தவ்ஸின் அத்தை மகன் அங்கே இருக்கிறான். மேய்ச்சலுக்கு மலை மேல் போயிருக்கிறான். அடுத்த வாரம் இறங்குவான்.

அபின்

✦

ராயபுரம்
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அபின்,

உன் காரோட்டியின் அத்தை மகன் எப்போது இறங்குவான் என்று கிழமை போட்டு எழுது. அடுத்த வாரம் என்பது பதில் கிடையாது. யார்டில் ஒரு லாரி டிரைவர் எனக்கு இப்படிச் சொன்னால் கேட்டைத் திறக்க மாட்டேன்.

அப்பா தினமும் காலையில் காசிமேட்டுக்குப் போய், கரையில் ஏற்றிப் பழுது பார்க்கும் படகுகளின் நிழலில் உட்கார்ந்துகொள்கிறார். நேற்று சாப்பாடு கொண்டு போனேன். காஜா மொய்தீன் என்று அவருடைய பழைய கூட்டாளி, வலை முதலாளி, அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா தவசிமுத்து, பொண்ணு எதுவரைக்கும் போயிகினு கீது?"

"ரஷ்யா தாண்டிட்சிபா."

"ரஷ்யாவ தாண்டுனா கடல்தானே கீது?"

"ஆமா, கடலாண்டதான் கீறா" என்றார் அப்பா. காஜா மாமாவுக்கு விஷயம் தெரியும்; அப்பாவுக்காகத்தான் அப்படிக் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடியைத் தேடினார்.

இன்று மாதா கோயிலில் பூசைக்குப் பேர் எழுதப் போனேன். உயிரோடு இருப்பவரின் நலனுக்காகவா, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவா என்று எழுதுகிற பெண் கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன். அழித்துவிட்டேன். புள்ளி நகரவில்லை என்று கேட்ட ஒவ்வொரு தடவையும், அப்பா வுடு என்று சொன்னதும் எனக்கும் அதேதான் இருந்தது.

கிழமை.

ரெஜினா

✦

கோரோக்
22 ஆகஸ்ட் 2024, வியாழன்

ரெஜினா அக்காவுக்கு,

மகிமா ஜூலை பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வரை உயிரோடு இருந்தாள். சொன்னவர் பெயர் குர்பான். ஃபிர்தவ்ஸின் அத்தை மகன். அக்கரையில் அந்தப் பாறைக்கு நேர் எதிர் வீடு. நேற்று போனில் ஒரு மணி நேரம் பேசினார். ஃபிர்தவ்ஸ் மொழிபெயர்த்தார். ஒரே கேள்வியை மாற்றி மாற்றி மூன்று விதமாகக் கேட்டேன். பதில் மாறவில்லை. நேரில் பார்த்தவர், கேட்டுச் சொல்பவர் இல்லை.

நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அது ஆப்ரிகாட் பழம் காய வைக்கும் பருவம். அவரும் மனைவியும் தினமும் கூரை மேல் இருந்திருக்கிறார்கள். எதிரே பாறையடியில் ஒரு பெண் உட்கார்ந்து ஆரஞ்சு நிறத் துணி ஒன்றை அசைத்தாள். அவர்களும் கையசைத்தார்கள். அந்தச் சாலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் கையசைப்பது வழக்கமாம். ஆற்றங்கரையில் கூடாரம் போடுவதும் வழக்கமாம். மறுநாளும் அசைத்தாள். மறுநாளும் அசைத்தார்கள். அவருடைய மகள் தன் சிவப்புத் தலைத்துணியை எடுத்து வந்து ஆட்டினாள்.

நான்காவது ஐந்தாவது நாளில் மனைவிதான் கேட்டிருக்கிறார், இவள் ஏன் இன்னும் போகவில்லை என்று. கூவிப் பார்த்தார்கள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றில் இறங்கினால் எல்லைக் காவலர்கள் சுடுவார்கள் என்று பயம். இக்கரை உறவினர்களுக்குப் போன் செய்திருக்கலாமே என்று கேட்டேன். "சந்தோஷமாக இருப்பவளைப் பற்றி என்னவென்று புகார் சொல்வது?" என்றார். அவர் பார்த்தது கையசைக்கிற ஒரு பெண்ணை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பார்த்தபோது இருந்தாள். அன்று கையை மட்டும் தூக்கினாள், துணி இல்லை என்கிறார். சனிக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. மலைப்பனி உருகி மாலையில் ஆறு ஏறியது. பாறையடி முழுகிவிட்டது. அவள் கிளம்பிப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை, இரண்டு கிராமம் தள்ளி, அக்கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. வலது கையில் கறுப்புக் கையுறை. ஊர்ப் பெண்கள் குளிப்பாட்டி, தங்கள் முறைப்படி அடக்கம் செய்து, தலைமாட்டில் கல் நட்டிருக்கிறார்கள். அடக்கத்துக்கு முன் ஊர் சுகாதார ஊழியர் பார்த்திருக்கிறார்.

தெரியாதது: அது மகிமாதானா என்பது. இரு கரையிலும் வேலை செய்யும் தொண்டு அமைப்பின் டாக்டர் ஒருவர், கல்லறையிலிருந்து மாதிரி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார். மாத இறுதியில் பதில் வரும்.

கழிக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

அபின்

✦

ராயபுரம்
24 ஆகஸ்ட் 2024

படித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.

✦

கோரோக்
31 ஆகஸ்ட் 2024, சனி

ரெஜினா அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது காத்திருக்காது என்பதால் எழுதுகிறேன். அனுமதி கிடைத்தது, டாக்டர் நேற்று மாதிரி எடுத்துவிட்டார். ஒப்பிட அம்மாவின் ரத்தம் அல்லது அப்பாவின் ரத்தம் வேண்டும். உடன்பிறந்தவரின் ரத்தத்தில் உறுதியாகச் சொல்வது கடினம் என்று அவரே சொன்னார். அம்மா இல்லை. ஆகவே அப்பா வர வேண்டும். எதற்காக என்று படித்துக் கையெழுத்தும் போட வேண்டும். சென்னையிலேயே எடுக்கலாம். ஆய்வுக்கூடத்தின் முகவரியை இணைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அக்கா. எட்டு நாள் விஷயத்தையும்தான். இங்கே இருந்துகொண்டு சொல்வது சுலபம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் வேறு யார் வழியாகவாவது தெரிந்தால் அவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

விசா முடிகிறது. ஐந்தாம் தேதி கிளம்புகிறேன். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு வருவதா என்று எழுதுங்கள். ஆட்களை வைத்து அதை மேலே சாலைக்குத் தூக்கிவிட்டேன். அந்தப் பள்ளத்தில் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

அபின்

✦

ராயபுரம்
11 செப்டம்பர் 2024, புதன்

அபின்,

அப்பா நேற்று காலை ரத்தம் கொடுத்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

உடல் ஒன்று கிடைத்திருக்கிறது, ஒப்பிட ரத்தம் வேண்டும் என்றதும் ஒரு வாரம் மறுத்தார். "ரத்தம் குட்த்தாதானே அது அவ. குடுக்கலன்னா அவ போயிகினே கீறா" என்றார். கடலில் காணாமல் போனவர்களின் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள். எத்தனையோ பெண்கள் அப்படிச் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் பொட்டோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை இரவு அவரே, "காலைல போலாம்" என்றார்.

ரத்தம் எடுக்கிற பெண்ணின் பெயர் ரஹீமுன்னிசா. சட்டையில் எழுதியிருந்தது. "கைய நீட்டுங்கப்பா" என்றாள். அப்பா நீட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"எப்ப போச்சு? வியுந்த அன்னிக்கேவா?"

"அன்னிக்கேப்பா. வியுந்த ஒடனே."

"யார் சொன்னது?"

"அபின் சொன்னான். டாக்டர் சொன்னாராம்."

ரஹீமுன்னிசா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்ப நா வுடு வுடுன்னு சொன்னதால ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லப்பா."

அவரே சட்டைக் கையை மடித்தார். "எட்துக்கோ கண்ணு. கயிறு இஸ்த்த கை, நரம்பு ஆழத்துல கீது. நல்லா தேடிக் குத்து" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மீன் குழம்பு கேட்டார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

யார் சொன்னது என்று கேட்டதால் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ ஊருக்கு வந்துவிட்டாய் என்று உங்கள் கடைப் பையன் சொன்னான். அப்பா உன்னைத் தேடி வருவார். உன்னிடம் கேட்பார். விழுந்த அன்றைக்கே என்று சொல். நீ உண்மையைச் சொல்லச் சொன்னாய், நான் அதைச் செய்யவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். வீட்டுக்கு மட்டும் வராதே; உன்னைப் பார்த்தால் அந்தக் கூரை மேல் நின்றவர்கள் ஞாபகம் வரும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களாவது கையசைத்தார்கள்.

உறுதியாகாதது: அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பது மகிமாதானா என்பது. முடிவு அக்டோபர் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வரும் என்று ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொண்டு அமைப்பின் டாக்டருக்கு எழுதி விசாரித்தேன். அடக்கத்துக்கு முன் பார்த்த சுகாதார ஊழியர் எழுதிய குறிப்பும் கூடவே வருமாம். உயிர் போன நாள் எதுவாக இருக்கும் என்று அதில் அவர் எழுதியிருக்கிறாராம். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ரெஜினா